அடுத்த பானையை யார் மாட்டுவது?

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு காணும் பொங்கல் காலையில், பாகூர் பக்கம் இருக்கும் என் பிறந்த ஊரில் நடந்தது இது. இதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் கோபத்தில் பேனாவை அழுத்திவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் உறுவையாறில் வாக்கப்பட்டவள். திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன், அண்ணி, நான், பிள்ளைகள் எல்லோருமாகப் பனித்திட்டு கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணி விடியற்காலையிலேயே எழுந்து புளிசாதம் கட்டி வைத்துவிட்டாள். கிளம்புகிற நேரத்தில் அண்ணனுக்கு போன் வந்தது. பண்ணை வீட்டு ஐயாதான்.

ஐயா என்றால் எங்கள் ஊரில் கரும்பு நிலம் அதிகம் வைத்திருப்பவர். என் அப்பா அவர் நிலத்தில்தான் வேலை செய்தார். அண்ணனும் அங்கேதான். அவர் வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி உண்டு. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, அதன்மேல் ஈயக் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய மாடல். பின்பக்கத் துவாரத்தின் மேல் பொட்டு அளவுக்கு ஒரு கேப் வைத்து விசையை இழுத்தால், அதன் பொறி உள்ளே போய் மருந்து வெடிக்கும். கரும்பில் பன்றி விழாமல் இருக்க அவர் பெயருக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒருவர்தான் அதைத் தொடலாம். ஆனால் காணும் பொங்கல் அன்றைக்கு மட்டும் அந்த வீட்டு ஆண்கள், மாப்பிள்ளை, சம்பந்தி என்று வந்தவர் போனவர் எல்லோரும் சுடுவார்கள். ஏரிக்கரைக்குக் கீழே தரிசாகக் கிடக்கிற நிலத்தில் இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே ஒரு கழி கட்டி, சுண்ணாம்பு அடித்து ஒரு பக்கம் கரிப்பொட்டு வைத்த பானையைத் தொங்கவிட்டுக் குறி பார்ப்பது வழக்கம். குண்டு தப்பினால் கரை மண்ணில் புதைந்துவிடும்.

பானை மாட்டுகிறவர் என் அண்ணன். அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை அவருக்கு வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மாட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பனைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். சுட்டதும் வெளியே வந்து, பட்டதா இல்லையா என்று கத்திச் சொல்ல வேண்டும். உடைந்தால் அடுத்த பானை. அவ்வளவுதான் வேலை. மரியாதையாகக் கடைசியில் ஒரு வேட்டி தருவார்கள்.

"பத்து நிமிசத்துல வந்துடறேன், நீங்க ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போன அண்ணன் வெயில் ஏறியும் வரவில்லை. பிள்ளைகள் நச்சரித்தன. அண்ணி பேசாமல் சாதத்தை மறுபடி மூடி வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே ஏரிக்கரைக்குப் போனேன்.

அங்கே கார் நின்றது. ஐயா, அவருடைய சம்பந்தி, பெங்களூரிலிருந்து வந்திருந்த ஐயாவின் மகன், அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர், எல்லோரும் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். துப்பாக்கி மகன் கையில். ஒரு நண்பன் அவனை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் தள்ளி நின்று அண்ணனைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் பனைமரத்தின் பின்னாலிருந்து தலையை நீட்டி, இன்னும் கொஞ்சம் என்பதுபோல விரலைக் குவித்துக் காட்டினார்.

மகன் குறி பார்த்து விசையை இழுத்தான். கேப் மட்டும் 'டப்' என்றது. துப்பாக்கி வெடிக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"பனியில மருந்து நமுத்துப் போயிருக்கும்" என்றார் ஐயா.

தை மாதத்துப் பனியில் இந்தத் துப்பாக்கி இப்படிச் செய்வது புதிது இல்லை. வெறும் கேப்பை வைத்து ஒன்றிரண்டு முறை தட்டினால் துவாரத்தில் இருக்கும் ஈரம் காய்ந்துவிடும் என்று அப்படிச் செய்வார்கள். ஆனால் குழாய்க்குள் மருந்தும் குண்டும் இருக்கிறதே! அதனால் கேப் தட்டும்போது வாயை வானத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். துப்பாக்கியைத் தொடாத எனக்கே இது தெரியும். அப்பா காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

அந்த நேரத்தில்தான் ஐயா, "டேய், பானை திரும்பிக்கினு நிக்குது பாரு. பொட்டு இந்தப் பக்கம் தெரியற மாதிரி வையிடா" என்று கத்தினார். அண்ணன் பனைமரத்தை விட்டு வெளியே வந்தார். இந்தப் பக்கம் மகன் புது கேப்பை வைத்தான். வீடியோ எடுப்பவனைப் பார்த்து ஒரு சிரிப்பு. வானத்தைப் பார்த்துப் பிடித்தால் வீடியோ நன்றாக இருக்காது போலிருக்கிறது. மறுபடி பானையைப் பார்த்தே பிடித்துத் தட்டினான்.

இந்தத் தடவை வெடித்தது.

புகையில் ஒன்றுமே தெரியவில்லை. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. புகை விலகினபோது மூங்கிலில் வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் கீழே மண்டியிட்டு இருந்தார், இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு. விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து பொங்கலுக்கு எடுத்த சட்டை நனைந்துகொண்டிருந்தது. ஒரு குண்டு காதின் மேல் நுனியைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இன்னும் இரண்டு விரல் உள்ளே வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பேன்.

ஓடினேன். சேலைத் தலைப்பைக் கிழித்துக் காதில் வைத்து அழுத்தினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஐயாவின் குரல் கேட்டது. நான் நினைத்தேன், தண்ணீர் கொண்டு வா என்பார், காரை எடு என்பார் என்று. அவர் சொன்னது இது:

"போன்ல புடிச்சியா? மொதல்ல அத அழி."

லைசென்ஸ் பயம். ஒரு மனிதன் தரையில் கிடக்கிறான், இவருக்கு லைசென்ஸ் ஞாபகம் வருகிறது! பிறகு மெதுவாக நடந்து வந்து, அண்ணனைப் பார்த்து, "உன்ன யாருடா குறி பாக்கும்போது குறுக்க வரச் சொன்னது?" என்றார். சொன்னவரே அவர்தான். அங்கே இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது.

அதற்கு என் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?

"என் தப்புதாங்க ஐயா. பாக்காம வந்துட்டேன். ஒண்ணும் ஆவல, நீங்க பயந்துக்காதீங்க."

அடிபட்டவர் ஆறுதல் சொல்கிறார். ஐயா மீது வந்த கோபத்தைவிட அண்ணன் மீது வந்த கோபம்தான் அந்த நேரத்தில் அதிகம்.

அதோடு முடியவில்லை. சம்பந்தி இன்னும் சுடவில்லையாம். பொங்கல் அதுவுமாக வந்த சம்பந்தி குறி பார்க்காமல் போனால் மரியாதை இல்லையாம். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு. ரத்தம் நின்னுடுச்சில்ல? அடுத்த பானைய மாட்டு, அவரு காத்துக்கினு இருக்காரு" என்றார் ஐயா. போனது என் அண்ணன் காது. இவருக்கு அது தலைப்பாகை.

அண்ணன் எழுந்தார். ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுத்த பானையை எடுத்தார்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் இருக்கிறது. மெஷின் ரிப்பேர் என்று யாராவது உள்ளே கையை விட்டால், சுவிட்சை அணைத்து அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைக் கை விடுகிறவர் பாக்கெட்டிலேயே வைக்கச் சொல்வார்கள். அவர் வெளியே வந்து பூட்டைத் திறக்கிற வரை முதலாளியே வந்தாலும் மெஷினை ஓட்ட முடியாது. ஒரு பிஸ்கட் டப்பா பேக்கிங் செய்கிற மெஷினுக்கு இவ்வளவு. இங்கே துப்பாக்கிக்கு முன்னால் போகிற மனிதனுக்கு ஒரு வார்த்தை காவல்கூட இல்லை.

பானையை அண்ணன் கையிலிருந்து பிடுங்கினேன். "இன்னாடி பண்ற? வுடு" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். விடவில்லை. நேராக மகனிடம் போனேன். அவன் என்னைவிட வயதில் சின்னவன். அதுவரை அவனை 'தம்பி, வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன்.

"இந்தா புடி. நீ போயி மாட்டு. நான் இங்க துப்பாக்கிகிட்ட நிக்கறேன்" என்றேன்.

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, பொம்பள புள்ள பேசற பேச்சா?" என்றார் ஐயா.

"அப்ப நீங்க போயி மாட்டுங்க ஐயா. துப்பாக்கிதான் இப்ப வெடிச்சிருச்சே. உள்ள மருந்து இல்ல, குண்டு இல்ல. எல்லாரும் பாத்தீங்க. அப்பறம் இன்னா பயம்?"

அவர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி காரைப் பார்த்தார். வீடியோ எடுத்தவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனான். காலித் துப்பாக்கி! வெறும் இரும்புக் குழாய்! அதற்கு முன்னால் நடந்து போக அந்த ஐந்து ஆண்களில் ஒருவருக்குக்கூடத் தைரியம் வரவில்லை. நான் பானையை நீட்டிக்கொண்டே நின்றேன். கை வலிக்கிற வரை நின்றேன். யாரும் வாங்கவில்லை.

கடைசியில் அதைக் கொண்டுபோய் அவர்கள் கார் மேல் வைத்தேன். "இங்கயே வெச்சி சுட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "அவங்க நெலத்துலதான் சோறு துன்றோம். உனக்கு இன்னா, நீ உறுவையாத்துக்குப் போயிடுவ." ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டபோது, வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்றார் அண்ணன். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார். என் அண்ணன் என்னைக் கும்பிடுவதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். போலீசுக்குப் போகலாம் என்றதற்கும் அதே கும்பிடு.

வீட்டில் அண்ணி அழவில்லை. ரத்தச் சட்டையை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இனிமே பானை மாட்டப் போனீன்னா, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். புளிசாதத்தைப் பிள்ளைகள் வீட்டிலேயே தின்றன.

அந்தப் பருவத்தில் ஐயா அண்ணனைக் கரும்பு வெட்டக் கூப்பிடவில்லை. அண்ணன் வேறு ஆட்களோடு சேர்ந்து வெளியூர் வெட்டுக்குப் போனார். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். "உன் வாயாலதான் வேல போச்சு" என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினார். அதையும் கேட்டுக்கொண்டேன். கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்பார்கள். என்னிடம் குணம் இருக்கிறதோ இல்லையோ, கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

அடுத்த காணும் பொங்கலுக்கும் போனேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு போன் வரவில்லை. ஊரில் வேறு யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார்களாம், போன வருஷம் ஏரிக்கரையில் நடந்தது ஊருக்கே தெரிந்திருந்ததால் யாரும் போகவில்லை. அதனால் இந்த வருஷம் பானை சுடுவது இல்லை என்றுதான் நினைத்தோம். திடீரென்று ஏரிக்கரைப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. அண்ணன் கை தானாகக் காதுக்குப் போனது. சற்று நேரத்தில் மறுபடி ஒரு சத்தம்.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி, "யாரு மாட்டறாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"யாரும் இல்லப்பா. குறுக்குக் கழியில கெணத்துக் கப்பிய கட்டி, நீளமா கயிறு போட்டுட்டாங்க. சுடற எடத்துல நின்னுக்கினே பானைய கட்டி இழுத்து ஏத்திக்கறாங்க. பட்டுச்சா இல்லையான்னு பைனாக்குலர்ல பாக்கறாங்க."

அவர் போய்விட்டார். அண்ணன் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு கயிறு போதுமா இருந்துச்சா?" என்றார்.

அப்பா நின்ற இடம், அண்ணன் நின்ற இடம், அத்தனை வருஷமும் ஒரு கயிறு செய்திருக்கக்கூடிய வேலை. அடங்கிப் போ, அனுசரித்துப் போ என்று யாராவது இப்போது என்னிடம் சொன்னால், அன்றைக்கு நான் அடங்கிப் போயிருந்தால் அந்தக் கயிறு இன்னும் அவர்கள் கொட்டகையில் சும்மா கிடந்திருக்கும், அந்தக் கழிக்குக் கீழே என் அண்ணன்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.