மாங்காய் லாரியின் ஸ்டியரிங்

இராஜபாளையத்து மெக்கானிக் தவசிமுத்து ஸ்டியரிங் பார்த்த லாரியை ஆளில்லாமல் அனுப்பினாலும், அது தானாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். இது அவரே சொல்வது. சீனியம்மாளின் லாரி மட்டும் மூன்று நாளாக அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பழைய வண்டி. மாந்தோப்பு ஓடையில் அடி தட்டுகிறதென்று முன்பக்கத்தை நாலு விரல் உயர்த்தியிருந்தாள் சீனியம்மாள். அன்றிலிருந்து, ஸ்டியரிங்கை லேசாக விட்டால் எருமை மாதிரி வாய்க்காலைத் தேடியது. மறுநாள் காலை எஃப்.சி. சோதனை. வண்டி ஓடத் தகுதியில்லை என்று பிரேக் இன்ஸ்பெக்டர் தள்ளிவிட்டால் மாங்காய் தோப்பிலேயே அழுகும்.

தவசிமுத்து நூல் பிடித்துச் சக்கரங்களை நேராக்கினார். பிறகு ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து அச்சைச் சாய்த்தார். முன்னைவிட மோசம். செட்டியார்பட்டி போய்த் திரும்புவதற்குள் டிரைவர் சமுத்திரத்துக்குத் தோள் கழன்றுவிட்டது. தவசிமுத்து ஸ்பானரை வீசினார், டீயைக் கொட்டினார், லாரியின் ஏழு தலைமுறையைத் திட்டினார். சாப்பிடப் போனவர் வீட்டிலேயே படுத்துவிட்டார்.

சமுத்திரம், அடுத்தவர் செருப்பைத் தரையோடு ஆணியடிக்கிற ரகம். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தவசிமுத்து வருஷாவருஷம் ஆண்டாள் தேருக்குக் கட்டை போடுகிறவர். தேர்ச்சக்கரத்துக்கு முன்னே போடுகிற கட்டையின் தடித்த முனை முன்பக்கம் இருக்கும். கைப்பழக்கம், லாரி ஆப்பையும் அப்படியே வைத்திருந்தார். இங்கே அச்சு பின்பக்கம் சாய்ந்தால்தான் சக்கரம் நேராக ஓடும்; அதற்குத் தடித்த முனை பின்னால் வரவேண்டும்.

ஊரைக் கூட்டிச் சிரிக்க வேண்டிய சமாச்சாரம். ஆனால் மூன்று நாளாக அந்த மனிதரின் முகம் இருந்த இருப்பு அவனுக்கு என்னவோ போலிருந்தது. ஜாக்கி போட்டு, நட்டைக் கழற்றி, வாஷர்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இருபக்கத்து ஆப்பையும் திருப்பி வைத்து நட்டை முறுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல பீடி பற்றவைத்தான்.

சாயங்காலம் தவசிமுத்து வேண்டாவெறுப்பாக ஓட்டிப் பார்த்தார். வண்டி நேராகப் போனது. செத்த நேரம் படுத்து யோசித்தால் எந்த வண்டியும் தனக்கு அடங்கும் என்று சீனியம்மாளிடம் அளந்தார்.

"அண்ணாச்சி கை பட்டாப் போதும்க்கா" என்றான் சமுத்திரம்.

அவள் நிம்மதியாகப் போனாள். தவசிமுத்து வண்டிக்கடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்து, சமுத்திரத்தின் சட்டைப்பைக்குள் கையை விட்டார். எட்டு வாஷர் வெளியே வந்தது.

"ஏலே, ஆப்பைத் திருப்பத் தெரிஞ்சவனுக்கு வாஷர் மாட்டத் தெரியலையோ? வழியில நட்டு கழண்டா அச்சே உருவிக்கும். நாளைக்கு ஓட்டப்போறது நீதானலே. ஜாக்கியைப் போடு."