கோயில் மண்டபத்தில் மாதவிடாய் வகுப்பு

பருவப் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலையில், அறையிலேயே அதிகம் கூச்சப்படுகிற ஆள் பெரும்பாலும் ஆசிரியைதான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பொதுச் சுகாதாரத்தில் பட்டம் வாங்கிய பிறகும், அப்பா இருக்கும் அறையில் 'பீரியட்ஸ்' என்ற சொல்லை நான் சொன்னதில்லை. இதே வேலை செய்கிறவர்களுக்கு இது விளங்கும்.

தலைப்பு

இது நான் நேரில் பார்த்ததில்லை. மெல்பேர்னின் கிழக்குப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில், எனக்கு முன் இந்த வகுப்பை எடுத்த அக்கா சொன்னது. ஒழுங்கு செய்த அங்கிள், அறிவித்தலில் 'மாதவிடாய்' என்று போடக் கூசி, 'பெண்பிள்ளைகளுக்கான ஆரோக்கிய உணவு' என்று போட்டுவிட்டாராம். ஒருத்தி சமையல் ஏப்ரனோடு வந்து நின்றாளாம்.

கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். என் முறை வந்தபோது அங்கிள் அதே தலைப்பைக் காட்டினார். மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே என்னைத் தேற்றினார்: "குறை நினைக்காதேங்கோ பிள்ளை, போன முறை இந்தத் தலைப்புக்கு நல்ல சனம் வந்தது."

ஆல்பம்

முதல் வகுப்பில் நாப்கினைப் பையிலிருந்து எடுத்தேன். ஆனால் யன்னல் வழியே யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மேசைக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு விளக்கினேன். குரலும் தானாக இறங்கிவிட்டது.

பக்கத்துப் புறநகரான ரோவிலில் இருந்து வரும் அபிக்குப் பதினைந்து வயது. முன்வரிசையில் இருந்து கையை உயர்த்தினாள். "அக்கா, நான் பெரியபிள்ளையானதுக்கு ஹோல் எடுத்து, ஊரெல்லாம் கூப்பிட்டு, ஆல்பமும் அடிச்சவை. நீங்கள் ஏன் இவ்வளவு மெல்லமாக் கதைக்கிறீங்கள்?"

கார்

வகுப்பு முடிந்ததும் அபி தனியாக வந்தாள். மாதாமாதம் வலி தாங்காமல் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கிறாள், பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்கிறாராம் அம்மா. அடுத்த கிழமை அம்மாவைக் கூட்டி வா, நான் கதைக்கிறேன் என்றேன்.

அடுத்த கிழமை அபியைக் காணவில்லை. "அவள் வெளியில கார்ல இருக்கிறாள் அக்கா. இண்டைக்கு வந்திட்டுதாம். கோயில் இடத்துக்க வரேலாதாம்" என்றாள் அவள் சிநேகிதி. எனக்கும் அன்று அதே நாள்தான். மூச்சுக் காட்டாமல் உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

மற்றப் பிள்ளைகளைப் படம் கீறச் சொல்லிவிட்டுக் கார் பார்க்குக்குப் போனேன். மழை தூறியது. பின் சீற்றில் அபி சுடுதண்ணிப் பையை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தாள். முன்னால் இருந்த அவள் அம்மா கண்ணாடியை இறக்கி, "கோயில் இடம், தெரியும்தானே பிள்ளை" என்றார். "ஓம் அன்ரி" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு 'ஓமோடு' போய்விட்டது.

அபி முனகுவது கேட்டது. திரும்பி வந்து, "அன்ரி, எனக்கும் இண்டைக்குத்தான்" என்றேன். ஏச்சு விழும் என்று நின்றேன். அன்ரி மண்டபத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைத் திறந்தார். "அப்ப ஏன் பிள்ளை மழைக்க நிக்கிறியள்? ஏறி இருங்கோ."

அபிக்கான பாடம் காருக்குள் நடந்தது. இப்படிப் படுக்கையில் விழுத்துகிற வலியை டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும் என்று அன்ரிக்குக் குரலை இறக்காமல் சொன்னேன், அவரும் அந்தக் கிழமையே அபியைக் கூட்டிப்போனார். பிறகு அங்கிளிடம் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்: எங்களைக் காருக்குள் இருத்திய அந்த மண்டபம் கோயிலுடையதே இல்லை, நகரசபையிடம் வாடகைக்கு எடுத்தது.