தலைவாசலுக்கு அடியில் ஒரு காலணா

என்னிடம் எண்பத்து மூன்று காலணாக்கள் இருக்கின்றன. எண்பத்து மூன்றிலும் ஒரே வருஷம், அதே இரண்டு சிங்கங்கள். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பழைய காசு சேர்க்கிறேன் என்கிற வரைக்கும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். எல்லாம் ஒரே காசு என்று தெரிந்ததும், பாவம், ஆபீசில் இந்தம்மாவுக்கு வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து என்று வருஷம் போட்ட கம்பெனி காலணா அது. நல்ல கனமான செம்பு. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் ஒரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் இலை வளையத்துக்குள் காலணா என்று இங்கிலீஷில் இருக்கும். இதை அடிக்க எஃகில் அச்சு செய்வார்கள். ஒரு அச்சு தேய்ந்தாலோ உடைந்தாலோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த அச்சு. அச்சு செய்தவனும் மனுஷன்தானே. ஒன்றில் சிங்கத்தின் வால் கொஞ்சம் நீண்டுவிடும், ஒன்றில் இலைகளுக்கு நடுவே ஒரு காய் குறையும், ஒன்றில் எழுத்து ஒரு நூல் தள்ளி உட்காரும். கையில் இருக்கிற காசு எந்த அச்சிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் பொழுதுபோக்கு. சீட்டாட்டம் மாதிரி கெட்ட பழக்கம் இல்லை, ஆனால் அதே அளவுக்கு விடாது.

இந்தப் புத்தி எனக்கு வேலையிலிருந்து வந்தது. கடலூரில் கோர்ட் நகல் பிரிவில் இருக்கிறேன். தீர்ப்பின் நகலை அடித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி ஒத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். இருபது வருஷமாக இதையே செய்தால் கண் அப்படியே பழகிப்போகும். கல்யாண வீட்டில் இரண்டு பத்திரிகை கையில் கிடைத்தால் இரண்டையும் ஒத்துப் பார்ப்பேன். ஒரு முறை மணமகளின் அப்பா பெயரில் இனிஷியல் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்லப்போய், சாப்பாட்டுப் பந்தியில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு பாத்திரக் கடையில் செம்புக் குடம் வாங்கப் போனபோது ஆரம்பித்தது இது. எடைத்தட்டுப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய காலணா கிடந்தது. பழைய பாத்திரத்தோடு வீட்டுப் பெண்கள் போட்டுவிட்டுப் போனது, உருக்கத்தான் போகிறது என்றார் கடைக்காரர். சும்மா இரண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு சிங்கத்தின் பாதம் எழுத்தைத் தொட்டது, இன்னொன்றின் பாதம் தொடவில்லை. குடத்தை விட்டுவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "கொடம் எங்கடி?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் செம்புக் குடம் கிடையாது.

இனி முக்கியமான காசுக்கு வருகிறேன். அச்சு ஒரே நாளில் உடைந்துவிடாது. முதலில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும். அந்த விரிசல் காசிலும் விழும், மெல்லிய மேடாக. அடிக்க அடிக்க விரிசல் நீளும். கடைசியில் விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்து, காசில் அந்த இடத்தில் ஒரு புடைப்பு வந்துவிடும். என்னிடம் வலது சிங்கத்தின் பின்னங்காலுக்குக் கீழே புடைப்பு விழுந்த காசு ஒன்று இருந்தது. அதே அச்சில், அச்சு நன்றாக இருந்தபோது அடித்த காசும் ஒன்று இருந்தது. இரண்டும் ஒரே அச்சு என்பது என் கட்சி.

இல்லை என்றார் புதுச்சேரிக்காரர். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலணா விஷயத்தில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவர் வைத்திருக்கிற காசு என்னுடையதைப் போல நாலு மடங்கு. "மேடம், புடைப்பு இருக்கிற இடத்துல என்ன இருந்துச்சுன்னே தெரியல, எப்படி ஒரே அச்சுன்னு சொல்றீங்க? அது வேற, இது வேற. நடுவுல பாதி விரிசலோட ஒரு காசு காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்று இருநூறு பேர் பார்க்கப் போட்டார். கீழே பதினெட்டுக் கட்டைவிரல். பதினெட்டையும் எண்ணினேன், யார் யார் என்றும் பார்த்துவைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. அன்றிலிருந்து ஆறு வருஷம் அந்தப் பாதி விரிசல் காசைத் தேடினேன். மங்கலம்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை வரைக்கும் போய்த் துருவிவிட்டேன்.

"நம்ம முந்திரி மாதிரிதான்" என்பார் வீட்டுக்காரர். "முழுப் பருப்பும் வச்சிருக்கற, ஒடஞ்ச பருப்பும் வச்சிருக்கற. கீறல் உட்ட பருப்பத் தேடிக்கிட்டு அலையற." கேலிதான். ஆனால் என் காசுகளை அவரளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் வேறு யாரும் இல்லை.

காசு சேர்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. செப்புக் காசைத் தேய்க்கக் கூடாது. அதன் மேல் காலம் ஏற்றிவைத்த பழுப்பு போனால் மதிப்பே போச்சு. குழுவில் புதிதாக யாராவது பளபளவென்று காசைப் போட்டு "வேல்யூ சொல்லுங்க" என்றால், முதல் ஆளாகப் பாய்ந்து திட்டுகிறவள் நான்தான். பச்சைக் களிம்பு ஏறி ஒன்றுமே தெரியாத காசுகளைக்கூட நான் தேய்ப்பதில்லை. அவற்றைப் பிஸ்கட் டப்பா ஒன்றில் கழிசல் என்று எழுதிப் போட்டுவைத்திருந்தேன்.

போன தை மாதம் என் தம்பி சிதம்பரத்துக்கு வெளியே, புறவழிச்சாலைப் பக்கம் வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்ட ஆரம்பித்தான். அடித்தளம் எழும்பியதும் தலைவாசலுக்கு நிலை வைக்க நாள் பார்த்தார்கள். நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டி, அடியில் பொன், வெள்ளி, செம்பு என்று வகைக்கொன்று போட்டுத்தான் எங்கள் பக்கம் நிலையை நிறுத்துவது. கூடப் பிறந்தவள் கையால் போட்டால் விசேஷம்.

"அக்கா, பொன்னும் வெள்ளியும் நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி போனில். "செப்புக் காசு உங்கிட்ட கொட்டிக் கெடக்குது. ஒண்ணு எடுத்தாந்துடு."

கொட்டிக் கிடக்கிறதாம். எண்பத்து மூன்றில் ஒன்றைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கழிசல் டப்பாவைத் திறந்து, இருக்கிறதிலேயே மோசமான ஒன்றை எடுத்தேன். ஆனால் களிம்போடு பூஜைத் தட்டில் வைக்க முடியுமா? விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் நின்று, புளியும் உப்பும் வைத்து, குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். நான், அதுவும் என் கையால். செய்கிற காரியத்தை எனக்கே பார்க்கக் கூசியது. கழுவிய காசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெற்றிலையில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நல்ல நேரத்தில் எல்லாம் நடந்தது. தம்பி மனைவி தாம்பாளத்தைப் புதுப் போனில் நாலைந்து படம் எடுத்தாள். நான் காசைக் குழியில் போட்டேன். மேஸ்திரி நிலையைத் தூக்கி நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, முட்டுக் கொடுத்து, அடியில் கலவையை அடைத்தார். கேசரி சாப்பிட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸில் கடலூர் திரும்பினேன்.

புதுச்சத்திரம் தாண்டும்போது குடும்பக் குழுவில் படங்கள் வந்தன. தாம்பாளத்துப் படத்தை விரலால் பெரிதாக்கினேன், பழக்க தோஷம். மஞ்சள், அட்சதை, ஒரு பொட்டுத் தங்கம், அதன் பக்கத்தில் என் காலணா, சிங்கம் மேலே தெரிய. வலது சிங்கத்தின் பின்னங்காலிலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, விளிம்புக்குப் பாதி தூரம் போய் நின்றிருந்தது.

பக்கத்து சீட்டுக்காரம்மா, "ஏம்மா, வீட்ல எதுனா கெட்ட சேதியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஆறு வருஷம் கழிசல் டப்பாவில் என் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. என் சட்டப்படி நடந்திருந்தால் கடைசிவரை பார்த்திருக்க மாட்டேன். சட்டத்தை மீறிய அன்றைக்கே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன்.

நடந்ததையும் எழுதி, அந்தப் படத்தைப் புதுச்சேரிக்காரருக்கு அனுப்பினேன். "கோடு எது, புளிச்சக்கை எதுன்னு தெரியல மேடம். காசைக் காட்டுங்க" என்று பதில் வந்தது. அந்த ஆளைக் கடலில் தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நகல் ஒன்றில் ஒரு வரி விட்டுப்போனதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுத் திட்டு வாங்கினேன். வீட்டுக்காரர்தான் என்னிடம் சொல்லாமல் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். அன்று சாயந்திரமே அவன் கூப்பிட்டான்.

"மாமா எல்லாத்தையும் சொன்னாரு. ஏங்க்கா, எங்கிட்ட சொல்றதுக்கு என்னா? ஞாயித்துக்கெழம வா. மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். முட்டுக்கம்ப எடுத்துட்டு நெம்புனா அரை மணி நேர வேலயாம். வேற காசு போட்டுத் திரும்ப நிறுத்திக்கலாம்."

"வச்ச நெலயப் பேக்கலாமாடா? அவ என்னா சொல்றா?"

"அவளும் சரின்னுட்டா. அண்ணி காசு, அண்ணி கேக்கறாங்க, எடுத்துக் குடுங்கன்னா."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பையில் பஞ்சு வைத்த சின்னப் பெட்டி, லென்ஸ், நிலைக்கு அடியில் மாற்றிப் போட வேறொரு காலணா. இந்த முறை எண்பத்து மூன்றிலிருந்தே நல்லதாக எடுத்துவந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் புதுச்சேரிக்காரருக்கு என்ன எழுதுவது என்று மனசுக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

மனையில் சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. நாலு பக்கமும் வெட்டவெளி. நடுவில் நிலை மட்டும் தனியாக, முட்டுக்கம்புகளோடு நின்றது. மேஸ்திரி கடப்பாறையோடு உட்கார்ந்திருந்தார். நானும் தம்பியும் உள்ளே, ஹால் வரப்போகிற இடத்தில் நின்றோம். தம்பி மனைவி அப்போதுதான் டீ வாங்கிக்கொண்டு வந்தாள். கடை இருப்பது பின்பக்கம். அவளுக்கும் எங்களுக்கும் நடுவே அந்த முழங்கால் சுவர்தான். எட்டிக் கொடுத்திருக்கலாம், தாண்டியும் வந்திருக்கலாம். மேஸ்திரியும் சித்தாள்களும் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் ஒரு கையில் தூக்குவாளியும் இன்னொரு கையில் டம்ளர்களுமாக, ஜல்லிக் குவியலையும் மணலையும் சுற்றிக்கொண்டு, மனையின் முன்பக்கம் வந்து, நிலைக்கு எதிரே செருப்பை விட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

அவள் யாரும் பார்க்கவேண்டும் என்று செய்ததாகத் தெரியவில்லை. நிலையைப் பார்த்தேன். நான் வைத்த மஞ்சள் அன்றைக்கே காய்ந்திருக்கும். இப்போது இருந்தது காலையில் பூசிய ஈர மஞ்சள். அதற்கடியில் நேற்றையது, முந்தாநாளையது. ஒன்றின் மேல் ஒன்றாக அந்தப் பூச்சுகளை என்னால் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. இருபது வருஷத்துக் கண்ணுக்கு அதுகூடத் தெரியாதா?

பதினாலு வருஷம் அடுத்தவர் வாசலில் வாடகைக்குக் குடியிருந்தவள் அவள். அவள் சரி என்று சொன்னதாகத் தம்பி என்னிடம் சொன்னானே, அதற்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருப்பாள் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"எடுத்துரலாமாம்மா?" என்றார் மேஸ்திரி, எழுந்துகொண்டே.

"வாணாம். கெடக்கட்டும்."

தம்பி என் முகத்தைப் பார்த்தான். "ஏங்க்கா, இதுக்குன்னுதானே வந்த?"

"டீ குடிக்க வந்தேன். குடு."

தம்பி மனைவி எனக்கு மட்டும் டம்ளர் நிறைய ஊற்றினாள்.

டீயைக் குடித்துவிட்டு அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: "நீங்கள் சொன்னபடி இரண்டும் வேறு வேறு அச்சு என்றே இருக்கட்டும். என்னிடம் காட்டக் காசு இல்லை." கட்டைவிரல்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. எண்ணவில்லை. இரண்டும் ஒரே அச்சுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. காசு அடுக்கிவைக்கிற என் தட்டில் அந்த இரண்டு காசுக்கும் நடுவே ஒரு குழி காலியாகவே இருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் கைப்பை சுவருக்கு அந்தப் பக்கம், செங்கல் அடுக்கின் மேல் இருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும். தம்பி எடுத்துத் தர எழுந்தான். நீ இரு என்று சொல்லிவிட்டு, நிலை வழியாக வெளியே போய், மணலையும் ஜல்லியையும் சுற்றிக்கொண்டு போய்ப் பையை எடுத்தேன்.