அம்மாவின் தியரி

பிரபாலினிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியின் ஹம் நகரிலுள்ள வீட்டில் ஒரு கரண்டி மிச்சமில்லாமல் கழுவியாகிவிட்டது. கோபம் மட்டும் தீரவில்லை.

வயது முப்பத்தொன்று. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. ரயில் ஒருநாளும் நேரத்துக்கு வராததால், மேடையில் நின்று நின்றே மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை படிக்கப் பழகியவள். அவள் உயிராய்ப் படித்த தொடரில் வில்லெடுக்கும் சயோவும் படகோட்டும் தெத்சுவும் காதலர்கள். எல்லோரும் அவர்களுடைய கல்யாணத்துக்குக் காத்திருக்க, இவள் ஒருத்தி மட்டும் அவர்கள் சிறுவயதில் பிரிந்துபோன அண்ணன் தங்கை என்று ஜெர்மன் ரசிகர் தளத்தில் ஒரு தியரி எழுதிவைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் குழி விழுந்த நாடி, இரண்டு பேரும் தோடம்பழத்தை அடியிலிருந்து உரிக்கிறார்கள், போதாதா? போதாது என்றார்கள். கிழி கிழியென்று கிழித்தார்கள். டுசல்டோர்ஃபிலிருந்து யூட்சன் என்ற ஒருவன் மட்டும், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எழுதினான். ஆளைப் பார்த்தால் தமிழ்ப் பெடியன். பிறகென்ன, ரயிலும் கோப்பியுமாக இரண்டு வருடம் ஓடி, கட்டினால் இவனைத்தான் என்று வந்து நின்றது.

அன்று அவனை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவளுடைய அம்மா நேசமலருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் வந்தால் கதிரையில் இருத்தி, எந்த ஊர், யாருடைய பிள்ளை, தாயின் ஆட்கள் யார் என்று துருவாமல் சோறு போடமாட்டாள். யூட்சனும் ஒன்று விடாமல் ஒப்புவித்தான். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"தம்பி, உம்மட அம்மம்மாவும் என்ர அம்மாவும் ஒண்டவிட்ட சகோதரம். அப்ப உம்மட அம்மா எனக்குத் தங்கச்சி. நீங்கள் ரெண்டுபேரும் அண்ணன் தங்கச்சி முறை."

அவன் கோழிக்கறியை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லி, ரயிலேறிவிட்டான். பிரபாலினி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். என்ன ஆதாரம்? அம்மா பண்டத்தரிப்பில் மருந்துக்கடை வைத்திருந்த யாரோ ஒருவரில் தொடங்கி, செத்துப்போனவர்களையெல்லாம் சாட்சிக்கு இழுத்தாள். உயிரோடு இருக்கிற சாட்சி ஒன்றுகூட இல்லை.

"அந்த நாடியைப் பார், பிள்ளை. எங்கட ஆக்களின்ர நாடி."

நாடியாம் நாடி! தளத்தில் தன்னைக் கிழித்தவர்கள் சொன்ன அத்தனையையும் பிரபாலினி அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். நாடி ஒன்றாக இருந்தால் சொந்தமா, முடிவை முதலில் எடுத்துவிட்டு ஆதாரம் தேடுகிறதா, அப்படியே சொந்தமென்றாலும் இந்த நாட்டில் எந்தச் சட்டம் தடுக்கப்போகிறது? அம்மா அசைந்துகொடுக்கவில்லை.

யூட்சன் ஒரு சொல் சொன்னால் போதும். இதெல்லாம் விசர்க்கதை என்று அவன் சொன்னால், அம்மாவை இவள் பார்த்துக்கொள்வாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவன் எழுதியிருந்தான்.

"வாற வழியில நல்லா யோசிச்சுப் பாத்தன், பிரபா. அம்மா சொல்லுறதிலும் நியாயம் இருக்கு."

பிரபாலினி கழுவி அடுக்கிய கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் தண்ணீருக்குள் போட்டாள்.