மாட்டைப் படுக்க வைத்த பெருமாயி

பழனி பஜாரில் மாட்டுத் தீவனமும் தொழுவத்தில் போடுகிற ரப்பர் விரிப்பும் விற்கிறவன் நான். பெயர் சஜ்ஜாத். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை நம்பி ஒரு பெண் தன் வீட்டை இழந்தார். அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

பெருமாயிக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் ராமேஸ்வரம் வந்தவர். இந்தியாதான் உங்கள் ஊர் என்று அங்கே ஏற்றிவிட்டார்கள். இங்கே இறங்கினால் சிலோன்காரி என்றார்கள். தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போதிருந்து அதே தோட்டம், அதே ஒற்றை அறை. தோட்டத்து வரிசை வீட்டை அவர் இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்வார். வேலைக்காரர் பட்டியலில் பெயர் இருக்கிறவரை லயத்தில் இருக்கலாம். பெயரை அடித்தால் அறையையும் விட்டுவிட வேண்டும். புருஷன் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி, விழுந்து செத்துப்போனார். மகன் திருப்பூரில் நாலு பேரோடு ஓர் அறையில் கிடக்கிறான். ஆக, அவர் தலைக்கு மேல் இருந்தது அந்த லயத்து ஓடு மட்டும்தான்.

அவருடைய வேலை சருகு போடுவது. முதலாளிக்குப் பதினெட்டுக் கறவை மாடு. மலைக் குளிரில் வெறும் சிமெண்டில் மாடு படுத்தால் முட்டி தேயும், மடிநோய் வரும். அதனால் தினமும் வெள்ளனே நாலு பெண்கள் மரத்தடிச் சருகைக் கூட்டி, மூட்டை கட்டிச் சுமந்து வந்து தொழுவத்தில் பரப்புவார்கள். பெருமாயிதான் அவர்களுக்கு மூத்தவர். பனியில் நனைந்த சருகை ஒருநாளும் மாட்டுக்கு அடியில் போட விடமாட்டார். கையில் நொறுக்கிப் பார்ப்பார், சத்தம் வந்தால்தான் உள்ளே போகும். இருபத்து நாலு வருஷம் இப்படி.

பெரிய முதலாளி காலமானதும் தோட்டம் மகன் ஞானவேல் கைக்கு வந்தது. அவரிடம் போய் நான் என் ரப்பர் கடையை விரித்தேன். சருகு வேண்டாம், ஆள் வேண்டாம், தண்ணீரை அடித்துவிட்டால் போதும் என்றேன். "பத்து நாள்ல மாடு படுக்கலேன்னா நானே சுருட்டி எடுத்துட்டுப் போயிர்றேன்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டேன். யார் கேட்டார்கள்?

விரிப்பைப் போட்ட நாலாம் நாள் ஞானவேல் போன் பண்ணினார். "பாய், ஒரு மாடுகூட படுக்கல. பால் இறங்கிருச்சு. வந்து உங்க ரப்பரை எடுத்துக்கங்க."

ஜீப்பில் ஓடினேன். உச்சிவெயில் நேரம். தின்றுவிட்டுப் படுத்து அசைபோட வேண்டிய மாடுகள் பதினெட்டும் நின்றுகொண்டிருந்தன. தலையைத் தாழ்த்தி ரப்பரை மோந்து பார்ப்பதும், புஸ்ஸென்று மூச்சு விட்டுத் தலையைத் தூக்குவதுமாக இருந்தன. பின்னங்கால்கள் வீங்கியிருந்தன. ஞானவேல் காப்பி காயப்போடும் களத்தில் இருந்தார். தொழுவத்தில் பெருமாயியும் ஆனந்தி என்ற இளம்பெண்ணும் மட்டும் நின்றார்கள்.

"அக்கா, இதுகளைப் படுக்க வைக்க ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டேன்.

பெருமாயி வாய் திறக்குமுன் ஆனந்தி முந்திக்கொண்டாள். நான் ஒருத்தன் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஏக்கா, பேசாம இரு. இன்னும் ஆறு நாளு. அந்தாளே சுருட்டிக்கிட்டுப் போயிருவாரு. நம்ம சோலி நமக்கு நிக்கும்."

"மாடு நிக்குதேடி. காலப் பாரு, எப்படி வீங்கிக் கெடக்குன்னு" என்றார் பெருமாயி. பிறகு என்னைப் பார்த்தார். "வழி இருக்கு பாய். ஆனா சருகு வேண்டாம்னு ஆயிட்டா எங்கள என்ன செய்வாங்க? லயத்தை விட்டுப் போகச் சொல்லிருவாங்களே?"

"அதெல்லாம் ஒண்ணும் வராதுக்கா. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

எந்த அதிகாரத்தில் சொன்னேன்? நான் ஒரு தீவனக் கடைக்காரன். அந்தத் தோட்டத்தில் ஒரு காப்பிச் செடிகூட எனக்குச் சொந்தமில்லை. விரிப்பு திரும்பி வரக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டைக்குள் இருந்தது. அவர் நம்பிவிட்டார்.

"புதுச் செருப்பு வாடை அடிக்குது, அதான் பயப்படுதுக" என்றார். குப்பைக் குழியில் கிடந்த பழைய சருகை, மூத்திரம் ஊறி மாட்டு வாடை ஏறியதாகப் பார்த்து அள்ளி வந்து ரப்பர் மேல் பரப்பினார். மந்தைக்கு மூத்த செவலைப் பசுவை எல்லா மாடும் பார்க்கிற இடத்தில் கட்டி, பக்கத்தில் தானே உட்கார்ந்து தாடையைச் சொறிந்து கொடுத்தார். கால் மணி நேரத்தில் செவலை முன்னங்காலை மடக்கியது. நான் ஜீப் ஏறும்போது பதினொரு மாடு படுத்திருந்தன.

"இனி தெனமும் ஒரு கூடை குறைச்சுக்கிட்டே வரணும். ஒரேயடியா எடுத்தா எந்திரிச்சிரும்" என்றார். சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு நாளும் ஒரு கூடைச் சருகைத் தன் கையாலேயே குறைத்தார். பத்தாம் நாள் நான் போனபோது வெறும் ரப்பரில் பதினெட்டு மாடும் சொகுசாகக் கிடந்தன. ஞானவேல் கையைக் குலுக்கினார். என் கையை.

அடுத்த வாரம் ஆனந்தியையும் மற்ற இரண்டு பேரையும் காப்பிப் பழம் பறிக்க அனுப்பினார்கள். பெருமாயிக்குப் பறிப்பில் வேகம் பத்தாது என்று பட்டியலில் பெயரை அடித்தார்கள். அறையைக் காலி செய்யப் பதினைந்து நாள் தவணை.

அவர் எனக்குப் போன் பண்ணினார். அழவில்லை. "பாய், பொறுப்புன்னு சொன்னீங்களே. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஞானவேலைக் கூப்பிட்டேன். நான் பேச்சை எடுப்பதற்குள் அவரே சொன்னார்: "பாய், நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. பண்ணைக்காட்டுல என் மச்சான் குருநாதனும் ரப்பர் கேக்குறாரு. இருபத்து நாலு மாடு. பறிப்பு முடிஞ்சதும் கொண்டுபோய்ப் போட்டுக் குடுங்க." சரிங்க என்றேன், ரொம்ப நன்றிங்க என்றேன். பெருமாயி பெயரை எடுக்காமலே போனை வைத்தேன். பிறகு அவருடைய அழைப்பு வந்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. மனிதனால் எவ்வளவு சுலபமாகக் கேவலமாகிவிட முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்து பண்ணைக்காட்டில் விரிப்புகளை இறக்கினேன். தொழுவத்து வாசலில் சருகு மூட்டையோடு பெருமாயி நின்றார்.

அந்த மலையில் அவருக்குத் தெரிந்த வேலைக்கு வேறு எங்கே போவார்? குருநாதன் அவரைச் சருகு போடச் சேர்த்திருந்தார். தொழுவத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு டிரங்குப் பெட்டியும் அடுப்பும் வைத்துக் குடியிருந்தார் பெருமாயி.

"இங்கயுமா பாய்?" என்றார்.

நான் அடுத்த விரிப்பை இறக்கத் திரும்பினேன்.

"இந்தத் தடவ மாடு நின்னே செத்தாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் பெருமாயி. சத்தமில்லாமல்தான் சொன்னார்.

அதற்குள் குருநாதன் வந்தார். "பாய், புது ரப்பர்ல மாடு படுக்காதாமே, நெசமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பத்து நாள் பாருங்கள் என்று சும்மா இருந்திருக்கலாம். எத்தனையோ ராத்திரி இதை யோசித்துவிட்டேன்.

"பழைய சருகைக் கொட்டிராதீங்க. மூத்திரம் ஊறினதா எடுத்து மேல பரப்புங்க. மூத்த மாட்டை முதல்ல படுக்க வைங்க. பிறகு தினம் ஒரு கூடை குறைங்க" என்றேன்.

"அட, பெரிய ஆளா இருக்கீங்களே! எங்க கத்துக்கிட்டீங்க?"

"தொழில்தானுங்களே, எல்லாம் அனுபவம்."

குருநாதன் பெருமாயி பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டயா? பாய் சொல்ற மாதிரி செய்யி. வெரசா."

பெருமாயி என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு குப்பைக் குழிக்குப் போனார்.