என் காரில் நடந்த அமெரிக்கத் தேர்தல்

கார் பழக்குவது கையும் காலும் செய்கிற தொழில் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அது காது செய்கிற தொழில். பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஸ்டியரிங்கைத் தொட்டதும் நடுங்குகிறவரை, அவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச விட்டால் நடுக்கம் போய்விடும். இதுதான் என் வைத்தியம். லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கத்தில் நான் பழக்கத் தொடங்கிய காலத்தில் எல்லோரும் சினிமா, கிரிக்கெட், மாமியார் என்று பேசினார்கள். போகப் போக அமெரிக்க அரசியலுக்கு மாறிவிட்டார்கள். ஒரு தம்பியோ மச்சாளோ அங்கே இல்லாத வீடு எங்கள் சனத்தில் குறைவு. அங்கே தேர்தல் என்றால் இங்கே காய்ச்சல். சண்டை வரக் கூடாதென்று கட்சிகளின் பெயரைச் சொல்லாமல், அவற்றின் நிறத்தை வைத்துச் சிவப்பு, நீலம் என்று மட்டுமே பேச வேண்டும் என்று காருக்குள் சட்டம் போட்டிருந்தேன்.

இந்த வருடம் முழங்கால் மறுத்துவிட்டதால் காரை விற்றுவிட்டேன். நவம்பரில் அங்கே காங்கிரஸ் என்கிற அவர்கள் பாராளுமன்றத்துக்குத் தேர்தல். அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் வீட்டில் டீவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரவுண்டபவுட்டில் ஒரு பெரும்பான்மை

கார்த்திக் திருச்சிக்காரர். வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய தம்பி டெக்சாஸில் விசாவில் இருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் விசா விதி மாறுமோ என்று தம்பி அங்கே கவலைப்பட, அண்ணன் இங்கே செனட்டில் எந்த இருக்கை எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுவார். கியர் மாற்றுவது அழகாக இருக்கும். ரவுண்டபவுட் என்கிற வட்டச் சந்தி வந்தால்தான் வில்லங்கம்.

வலது பக்கத்தில் இருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். அவர் வலது பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒன்றும் இல்லாதபோதும் வழி விட்டுக்கொண்டு நின்றார். பின்னால் பஸ்காரர் ஹார்னை அமுக்கிப் பிடித்தார். றோட்டு வெறுமையாகத்தானே கிடக்கிறது, போங்கள் என்றேன். கார்த்திக் அசையவில்லை. "போகலாம் சார். ஆனா கடைசி நேரத்துல எவனாவது கட்சி மாறி இந்தப் பக்கம் வந்துட்டான்னா?"

பொன்னுத்துரை அண்ணை கோடு கீறிய விதம்

தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பொன்னுத்துரை அண்ணை. லைசென்ஸ் எடுத்து எத்தனையோ வருடம். ஆனாலும் அப்பா ஓட்டுகிற காரில் பேரப்பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று மகன் பிடிவாதமாக நின்றதால், இன்னொரு தடவை பழக வந்தார். அவருக்கு விருப்பமான விஷயம் அமெரிக்கத் தொகுதி எல்லைகள். சில மாநிலங்களில் ஆளுங்கட்சியே வரைபடத்தை விரித்து, தனக்கு வோட்டுப் போடுகிற தெருக்களையெல்லாம் வளைத்துப் பிடித்துத் தொகுதி வகுத்துக்கொள்ளும் கதையை, ஒரு கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்துக் காற்றில் கீறிக் கீறிச் சொல்லுவார். அந்தக் கை திரும்பி வரும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

ஒருநாள் சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் இரண்டு இடத்துக்கும் நடுவில், கோடு வயிற்றுக்கு அடியில் போகிற மாதிரி, காரை நிறுத்தினார். இறங்கிப் பாருங்கள் அண்ணை என்றேன். இறங்கிச் சுற்றிவந்து பார்த்தார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "தம்பி, கோட்டைப் பார்த்து நிப்பாட்டுறது எங்களை மாதிரிச் சாதாரண சனம். அங்கை உள்ளவை நிப்பாட்டிப்போட்டுத்தான் கோடு கீறுறவை."

எண்ணி முடியாத வோட்டு

அபிராமி நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கல்யாணமாகி ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தாள். அமெரிக்க லைசென்ஸ் இங்கே ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால், நன்றாக ஓட்டத் தெரிந்தவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பழக வேண்டி வந்தது. ஓட்டம் பிழையில்லை. சின்னத் தெருவில் இருந்து பெரிய தெருவுக்குத் திரும்பும்போது மட்டும் அவள் கை தானாக, அங்கே ஓட்டுகிற மாதிரி, வலது பக்கத்துக்குப் போய்விடும். அப்பா பழக்கினது அங்கிள், போகுதில்லை என்பாள்.

அப்பாவின் பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும். போன ஜனாதிபதித் தேர்தலில் அவர் சிவப்பு, இவள் நீலம். முறைப்படி காத்திருந்து, விசா எடுத்து வந்தவன் நான், மற்றவர்களும் அப்படியே வரட்டும் என்பது அவர் கட்சி. கூடப் படித்தவளின் குடும்பம் விசா இல்லாமல், கதவு தட்டுகிற சத்தத்துக்கே பயந்து கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்பது இவள் கட்சி. வார்த்தை தடித்துப் பேச்சு நின்றுபோனது. அம்மா இல்லை. இவளோ கர்ப்பிணி. பிள்ளை பிறக்கும்போது அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை, ஆனால் முதலில் போன் எடுக்க இருவருக்கும் ரோசம். "எலெக்‌ஷன் முடிஞ்சுது அங்கிள். எங்கட வீட்டில மட்டும் இன்னும் கவுண்டிங் நடக்குது."

பின் சீட்டில் ஒரு வாக்காளர்

ரோசம் பார்க்காத மருமகன் போன் எடுத்ததால் அப்பா வந்து சேர்ந்தார். மகளோடு அதிகம் பேசாமல், அவளுக்கு முதலில் பழக்கியவர் தான் என்பதால், இங்கே என்ன பழக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று என் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அவள் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் அவர் கால் தரையை அழுத்துவது எனக்குக் கேட்டது. பெற்றோல் நிலையத்தின் விலைப் பலகையைக் கண்டதும் அவர் அங்கத்தைய விலைவாசியை எடுத்தார். அவள் பதில் சொன்னாள். விலையில் தொடங்கியது எல்லை தாண்டி வருகிறவர்களுக்குப் போய், அங்கிருந்து நவம்பர்த் தேர்தலுக்கு வந்தது; தானும் இங்கிருந்தே வோட்டுப் போடப்போவதாக அவள் சொன்னாள். இடது பக்கம் ஒதுக்கி நிப்பாட்டு பிள்ளை என்றேன். நிறுத்தினாள்.

லண்டனில் குடியிருக்கிற உனக்கு அங்கே என்ன வோட்டு, என் வோட்டை வெட்டுவதற்காகவா என்று அவர் கேட்டார். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வெளிநாட்டில இருக்கிற ஆக்கள், அங்க கடைசியா இருந்த வீட்டு விலாசத்திலதான் போடலாம் அப்பா. என்ர விலாசம் இப்பவும் உங்கட வீடுதான்."

பின் சீட்டில் இருந்தவர், மனைவி போன பிறகு அந்த வீட்டில் தனியாகக் கிடக்கிற மனிதர். எனக்கும் கண் கலங்கிவிட்டதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவர் கையை நீட்டி மகளின் தோளைத் தொட்டார். "அப்ப நீ போடு பிள்ளை. என்ரை வோட்டை வெட்டுறதுக்கெண்டாலும் அந்த வீட்டிலை ஒரு ஆள் இருக்கட்டும்."

அமெரிக்காவை இனி யார் ஆள்வார்கள் என்று எனக்குத் தெரியாது; அதைப் பற்றிப் பேசிக்கொண்டே கண்ணாடி பார்த்துத் திரும்பிய ஒருவரையும் நான் கண்டதில்லை என்பது தெரியும், அவர்கள் எல்லோரையும் இப்போது மனம் தேடுகிறது என்பதும் தெரியும்.