தானாகக் காய்ந்த சுவர்

வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன்மேல் மண் பூசுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, பூசும் நாளில் போய்ப் பார்க்க நினைத்திருந்தேன். ஐப்பசி மழைக்குப் பத்து நாள் முன்பு அது அமைந்தது. மாமல்லபுரத்தில் காலை 6.20-க்குப் புதுச்சேரி பேருந்து. கடப்பாக்கம் ஐம்பது கிலோமீட்டர், கட்டணம் 55 ரூபாய், 7.35-க்கு இறங்கினேன். அங்கிருந்து இருபது நிமிட நடை. (ஷேர் ஆட்டோ உண்டு, நிரம்பினால்தான் கிளம்பும்.)

அந்த வீட்டைக் கட்டுபவர் மும்தாஜ், கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டை அவர் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் இரண்டாம் பூச்சு முடிந்தாக வேண்டும். பூசுபவர் ஏழுமலை. களிமண்ணும் மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து அவர் மிதிக்க, நானும் இறங்கி மிதித்தேன்.

உள்ளே முந்தாநாள் போட்ட முதல் பூச்சு எங்கும் ஈரக் கறுப்பாக இருந்தது. வடக்கு ஜன்னலுக்குக் கீழே மட்டும், ஒரு ஆள் முதுகு சாய்த்து உட்கார்ந்த அளவுக்கு, வெளுத்துக் காய்ந்திருந்தது. அங்கே வெயிலே படாது. ஒரு பூனை அதை ஒட்டிப் படுத்திருந்தது.

"அந்த எடம் சீக்கிரம் காஞ்சிடிச்சி, பாத்தீங்களா சார்," என்றார் மும்தாஜ், சந்தோஷமாக.

உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றி போலிருந்தது. காதை வைத்தால் உள்ளே மெல்லிய நெறுநெறுப்பு.

ஏழுமலையும் தொட்டுப் பார்த்தார். "செவுரு காய்லக்கா. உள்ள வேவுது."

"இன்னா சொல்ற? பயமுறுத்தாத."

"ஈர வைக்கப்போரு தானா பத்திக்கினு எரிஞ்சத நீ பாத்ததில்ல? இங்க இன்னா கட்டு வச்ச?"

மும்தாஜ் துப்பட்டா முனையை முறுக்கினார். தார்ப்பாய் கிழிந்து இரண்டு கட்டு நனைந்ததாம். மேலே காய்ந்ததும், போதாமல் போய்விடுமே என்று அடுக்கிவிட்டாராம்.

"அப்டியே பூசிட்டா?"

"பூசலாம். அந்தப் பூன தூங்கற எடத்துல நீ தூங்கு."

சற்று நேரம் கழித்து மும்தாஜே கடப்பாரையை எடுத்தார். நாலாவது குத்தில் மண் பெயர்ந்தது. ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது, யாரோ அடக்கி வைத்திருந்து விட்ட மூச்சு மாதிரி. உள்ளே வைக்கோல் கருத்துப் போயிருந்தது. இரண்டு கட்டுகளையும் இழுத்துப் போட்டோம். உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனது போல அந்த இடம் காலியாக நின்றது.

"மாசக் கடைசிக்கு ஆவாதுக்கா."

"ஆவாட்டி போவுது. வூட்டு ஓனரு கால்ல வுழறேன்."

போகிறவர்களுக்கு: மாசியிலிருந்து ஆடிவரை போங்கள். பழைய துணி அணியுங்கள். நீங்களே கட்டுவதானால், ஒவ்வொரு கட்டுக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்த பிறகு அடுக்குங்கள். எந்த இடமாவது முதலில் காய்ந்தால் மகிழ வேண்டாம்.

நான் கிளம்பும்போது மும்தாஜ் மற்ற சுவர்களில் சாண் சாணாக உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனார். தெற்குச் சுவரில் ஓரிடத்தில் அந்தக் கை வெகுநேரம் நின்றது. பிறகு நகர்ந்தது.